ஊதாத் தண்ணீர் வைத்தியர்

செங்கோடன் வைத்தியரானதைப் பாவாயி ஒருநாளும் நம்பவில்லை. அதற்கு முன்னால் அவன் ஜீப் ஓட்டியதையும், தேன் விற்றதையும், கட்சியில் ஏதோ பொறுப்பில் இருந்ததையும்கூட அவள் நம்பியதில்லை. ஜீப்பைக் கொண்டுபோய்ப் பலாமரத்தில் மோதிவிட்டு, மரம் ரோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வளர்ந்திருந்தது என்று சொன்னவன் அவன். அவன் விற்ற தேனில் வெல்லப்பாகு அதிகமா தேன் அதிகமா என்று எறும்புக்கே குழப்பம் வந்து, பாட்டிலைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. கட்சியில் அவன் சம்பாதித்தது இரண்டு கலரில் இரண்டு துண்டுகள்.

"துண்டு ரெண்டும் நல்ல துண்டு. அடுப்படிக்கு ஆகும்" என்றாள் பாவாயி, அவன் இரண்டாவது கட்சியிலிருந்தும் திரும்பி வந்த அன்றைக்கு.

கொல்லிமலையில், அறப்பளீசுவரர் கோயிலைத் தாண்டி, அருவிக்கு இறங்கும் படிக்கட்டின் தலைமாட்டில் அவர்கள் கடை. கடை என்றால் பாவாயியின் கடை. கீழ்நாட்டிலிருந்து வருகிற சனங்கள் சிரித்துக்கொண்டு படி இறங்குவார்கள். ஏறி வரும்போது ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. நாக்கு தள்ளி வந்து மேல்படியில் உட்காருகிறவர்களைப் பார்த்துத்தான் அவள் சூப் போட ஆரம்பித்தாள். முடவாட்டுக்கால் கிழங்கு பாறையிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டு வளர்வது. மேலே இலை, கீழே பழுப்பு மயிர் மூடிய தண்டு, அச்சாக ஆட்டுக்கால் மாதிரி. அவள் அண்ணன் பாறையேறி எடுத்து வந்து போடுவார். பாவாயி மயிரைச் சுரண்டி, தோல் சீவி, நசுக்கி, மிளகு சீரகம் பூண்டு சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுக் கொதிக்கவிடுவாள். குடித்தவர்கள் இன்னொரு டம்ளர் கேட்டார்கள். அவ்வளவுதான் அந்த வியாபாரம். செங்கோடனின் பங்கு, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் அரசியல் பேசுவது.

இப்படி இருந்தபோதுதான் நிலோஃபர் என்கிற பெண் வந்தாள். கீழே ஒரு கல்லூரியில் பெரணிச் செடிகளை ஆராய்ச்சி செய்கிறவள். முதுகில் பை, கையில் கத்தரி, காலில் அட்டை கடித்த தழும்பு. சூப்பைக் குடித்துவிட்டு அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, இதை உங்க ஊர்ல எதுக்குச் சாப்பிடுவீங்க?"

"குளிருக்கு. முட்டி வலிச்சா. கறி இல்லாத நாள்ல கறின்னு நெனச்சுக்கறதுக்கு."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு செல்போனில் ஒரு படம் காட்டினாள். இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்றில் ஊதாத் தண்ணீர், ஒன்றில் மஞ்சள். "ரெண்டுமே ஊதாவாத்தான் இருந்துச்சு. இதுல உங்க கிழங்குச் சாறு விட்டேன், மஞ்சளாயிடுச்சு. அப்படி மாறினா அதுல ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குன்னு அர்த்தம்."

கல்லாவிலிருந்து செங்கோடன் கழுத்தை நீட்டினான். "அப்படின்னா என்னம்மா?"

"இரும்பு துருப்பிடிக்குது இல்லீங்களா, அந்த மாதிரி நம்ம உடம்புக்குள்ளயும் சில வேலை நடக்கும். அதைத் தடுக்கிற சத்துன்னு வச்சுக்கங்க. ஆனா இது குழாய்ல நடக்கறது. குடிச்சா உடம்புக்குள்ள போயும் இதே வேலையைச் செய்யுமான்னு இன்னும் யாரும் சரியாப் பாக்கலை. டீயிலகூட இது இருக்கு, கொய்யாப்பழத்துல இருக்கு."

அவள் சொன்னதில் 'ஆனா'வுக்குப் பிறகு வந்த எதுவும் செங்கோடன் காதில் ஏறவில்லை. அவசரமாக எழுந்து தலைசீவிக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணைக் கிழங்கோடு நிற்கவைத்துப் பக்கத்தில் தானும் நின்று படம் எடுத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் கடை சாத்தும்போது அவன் அந்த வார்த்தையை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தான். "ஆண்டி... ஆக்கி... டண்ட்டு. பாவாயி, இனிமே நம்ம காட்டுல மழைதான். ஆண்டி ஆக்கிடண்ட்டு!"

"ஆண்டியாக்கறதா? நீ யாரையாச்சும் ஆண்டியாக்காம ஓயமாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"உனக்கு சயின்ஸ் புரியாது."

"ஜீப்பு புரிஞ்ச மாதிரி உனக்குப் புரிஞ்சிருக்குமே."

அடுத்த மாதத்துக்குள் அவன் தாடி விட்டான். பச்சை சால்வை ஒன்று தோளில் ஏறியது. கடைக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் நின்றது. அதில் நிலோஃபரின் படத்தை ஓரமாகச் சுருக்கி, தன் படத்தைப் பெரிதாக்கி, 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்றும், 'மூலிகைச் செம்மல் செங்கோடனார்' என்றும் போட்டிருந்தான். கீழே நோய்களின் பெயர். முட்டிவலியில் தொடங்கி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஆண்மைக் குறைவு எல்லாம் கடந்து, கடைசியில் சிவப்பு எழுத்தில் கேன்சர்.

பாவாயி இடுப்பில் கைவைத்து நின்று முழுவதையும் படித்தாள். "நாய்க்கடி விட்டுப்போச்சே."

அவன் ஒரு கணம் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். "அது வேற டிபார்ட்மெண்ட்டு" என்றான்.

பிறகு வந்தது ஊதாத் தண்ணீர். கிணற்றில் போட்டுக் கிருமி கொல்லும் அந்தக் கருநீல மருந்துக் கல்லில் ஒரு துணுக்கைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொண்டான். கூட்டம் சேர்ந்ததும் புட்டியை வெயிலில் தூக்கிக் காட்டுவான். "சனங்களே, இதான் உங்க ரத்தம். இந்த ஊதா இருக்குதே, அத்தனையும் விசம். நீங்க தின்ன பரோட்டா, குடிச்ச கலர், போட்ட மாத்திரை. இப்ப பாருங்க." புட்டிக்குள் ஒரு கரண்டி சூப்பை ஊற்றுவான். ஊதா நிறம் கண்முன்னாலேயே கரைந்து காணாமல் போகும். சனங்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தக் கரண்டி சூப்பில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்திருப்பது பாவாயிக்குத் தெரியும். பிழிந்துகொடுப்பவளே அவள்தான்.

ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு, தான் குடித்து மிச்சம் வைத்த டீயை அந்தப் புட்டியில் ஊற்றினாள். ஊதா மங்கி, பழுப்பாகி, ஒன்றுமில்லாமல் போயிற்று. செங்கோடன் பதறிப்போனான்.

"அடியேய்! சனங்க முன்னால இதைச் செஞ்சுபோடாதே!"

"எனக்கென்ன தலையெழுத்தா, உன் கூத்துல வந்து வேசங்கட்ட?"

அப்படித்தான் அவள் இருந்தாள். புருஷனைக் கண்டால் இளக்காரம். அவன் பேச்சை நம்பி, மண்டையை மண்டையை ஆட்டிக்கொண்டு பொடி வாங்கிப்போகிற படித்த சனங்களைக் கண்டால் அதைவிட இளக்காரம். கார் வைத்திருக்கிறார்கள், கண்ணாடி போட்டிருக்கிறார்கள், இந்தத் தாடிக்காரனிடம் வந்து சர்க்கரைக்கு மருந்து கேட்கிறார்கள். ஏமாறுகிறவர்கள் ஏமாந்து போகட்டும் என்று கிழங்கைக் காயவைத்து, இடித்து, சலித்து, பொடியைப் பாக்கெட்டில் அடைத்துக் கொடுத்தாள். அவனைப் பார்த்துப் பழித்துக்கொண்டே இருந்தால் தான் வேறு, அவன் வேறு என்று ஆகிவிடும் என்பது அவள் நினைப்பு.

செங்கோடனுக்கே சர்க்கரை இருந்தது. அது மலையில் யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமைகளில் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு, தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போவான். வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வந்து, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வேளை தவறாமல் போடுவான். தன் பொடியை அவன் ஒருநாள்கூட நாக்கில் வைத்ததில்லை. மூலிகைச் செம்மலுக்கு அதன் வாசனையே ஆகாது.

சென்னியப்பன் முதல் முறை வந்தது கார்த்திகையில். திருச்செங்கோட்டுப் பக்கம், ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டியவர். நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி, கணீரென்ற குரல். கூட அவர் மனைவி தெய்வாத்தாள், சின்ன உருவம், கையில் துணிப்பை. சென்னியப்பன் ஊதாத் தண்ணீர் வெளுத்ததை இரண்டு முறை பார்த்துவிட்டுச் செங்கோடன் முன்னால் கைகட்டி நின்றார்.

"வைத்தியருங்க, எனக்கு சக்கரைங்க. ஆஸ்பத்திரி மாத்திரை ரெண்டு வேளை போடறனுங்க. அது கூடவே இந்தப் பொடியையும் சாப்பிடலாமுங்களா?"

"அதெப்படிங்க? மாத்திரைங்கறது ஆக்ஸிடன்ட்டு. இது ஆன்டி. ரெண்டும் உள்ள போனா ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். தாங்கறது யாரு? உங்க கிட்னி."

"அப்ப மாத்திரையை நிறுத்தீரலாங்கறீங்க."

"நான் சொல்லலீங்க. சயின்ஸ் சொல்லுது."

தெய்வாத்தாளுக்கு மனசு ஒப்பவில்லை. அடுப்புப் பக்கம் நகர்ந்து வந்தாள். "ஏனுங்க்கா, அப்படி நிறுத்தலாமுங்களா? நீங்களே சொல்லுங்க."

பாவாயி கிழங்கின் மயிரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "எனக்கென்னங்க தெரியும்? நான் அரைக்கறவ."

சொல்லிவிட்டு மனசுக்குள், புருஷனுக்கு எது நல்லது எது கெட்டது என்று தெரியாமல் ஒரு சூப்புக்கடைக்காரியிடம் கேட்கிறாள் பார், என்று அந்தப் பெண்ணையும் சேர்த்து இளப்பமாக நினைத்துக்கொண்டாள். அவர்கள் பை நிறையப் பொடி வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுபடி அவர்கள் வந்தது ஆடித் திருவிழாக் கூட்டத்தில். கோயில் வாசலிலிருந்து கடை வரைக்கும் சனம். செங்கோடன் அன்றைக்குப் புது சால்வை போட்டுக்கொண்டு, மைக் பிடித்து, புட்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஆள் கட்டை ஊன்றி வந்தார். பாவாயிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டுத்தான் தெரிந்தது. சென்னியப்பனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆள் பாதியாக வற்றியிருந்தார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. பையிலிருந்து ரோஜா மாலையை எடுத்துச் செங்கோடன் கழுத்தில் போட்டார்.

"வைத்தியரே, புண்ணு வந்து காலோட போச்சுங்க. உங்க பொடி மட்டும் சாப்பிடாம இருந்திருந்தா உசுரே போயிருக்குமுங்க."

செங்கோடனின் முகம் வெளுத்தது. கண்ணிமைக்கிற நேரம்தான். உடனே மைக்கை வாயருகே கொண்டுபோனான். "கேட்டுக்கிட்டீங்களா சனங்களே? எமன் உசுரைக் கேட்டான். நம்ம ஆன்டிஆக்ஸிடன்ட்டு, காலோட போடான்னு திருப்பி அனுப்பிச்சு!"

கூட்டம் கைதட்டியது. இத்தனை வருஷம் இந்த ஆளை அற்பம் என்று பாவாயி நினைத்திருந்தாள். அற்பம் என்றால் சின்னது என்றும் நினைத்திருந்தாள்.

தெய்வாத்தாள் போன தடவை மாதிரியே அடுப்புப் பக்கம் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, இன்னொரு கால்லயும் புண்ணு வந்திருக்குதுங்க. டாக்டரு ஊசி போட்டே ஆகோணும்ங்கறாரு. இவரு மாட்டேங்கறாரு. பொடி வாங்கத்தான் இப்பவும் கூட்டிட்டு வந்திருக்கறாரு. உங்க வீட்டுக்காரருக்கு சக்கரை கிக்கரை ஏதாச்சும் இருக்குதுங்களா? இருந்தா அவரு என்ன சாப்பிடறாரு?"

பாவாயி கத்தியைக் கீழே வைத்தாள். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போனாள். அரிசி டின்னைத் தள்ளி, அங்கே இருந்த மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். கூட்டம் வழிவிட்டது. நேராகப் போய் அவற்றைச் சென்னியப்பன் கையில் வைத்தாள்.

"இந்தாங்க. இதான் அவரு சக்கரைக்குச் சாப்பிடறது. வியாழக்கெழம வியாழக்கெழம செம்மேட்டுல வரிசையில நின்னு வாங்கிட்டு வராரு. பொடியத் தொட்டதில்ல. நான் இடிக்கறப்ப மூக்குல ஏறுதுன்னு வெளிய போய் நின்னுக்குவாரு."

"ஏய்!" செங்கோடன் மைக்கிலேயே கத்தினான். அது கோயில் வரைக்கும் கேட்டது. "சனங்களே, எம்பொண்டாட்டிக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. நீங்க தப்பா..."

பாவாயி பக்கத்தில் யாரோ குடித்துக்கொண்டிருந்த டீ டம்ளரை வாங்கி, அவன் கையிலிருந்த புட்டியில் ஊற்றினாள். ஊதா போயிற்று. "பாத்துக்கங்க. டீத்தண்ணிக்கும்தான் போகுது. எல்லாரும் டீக்கடைக்குப் போங்க, கேன்சர் ஆறிரும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். செல்போன்கள் உயர்ந்தன.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. முதலில் அவருக்குப் பாவாயி மேல்தான் கோபம் வந்தது. "ஒரு பொம்பள, கட்டுன புருசனை இப்படிச் சந்தி சிரிக்க வெக்கலாமா?" என்று அதட்டினார். அதட்டிக்கொண்டே கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். கட்டை நழுவியது. தெய்வாத்தாள் ஓடிவந்து பிடித்து மேல்படியில் உட்காரவைத்தாள்.

"அம்மிணி, இது ஆஸ்பத்திரியில எனக்குக் குடுத்த அதே மாத்திரை" என்றார் மனைவியிடம். பிறகு நிமிர்ந்து செங்கோடனைப் பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை, கேள்விதான் இருந்தது. "வைத்தியரே, நீங்க நிறுத்தலீங்களா?"

செங்கோடன் கூட்டத்தைப் பார்த்தான், மாலையைத் தொட்டுப் பார்த்தான், பாவாயியைப் பார்த்தான். "என் உடம்பு வேற உடம்புங்க" என்றான்.

காறித் துப்பக்கூடத் தோன்றவில்லை பாவாயிக்கு. அவனிடம் பேச இனி ஒன்றுமில்லை என்று தெய்வாத்தாளின் பக்கம் திரும்பினாள். ஊசி போடச் சொல்லுங்கள், இந்தப் பொடியைக் குப்பையில் கொட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். தெய்வாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன தடவை உங்களைத்தானேங்க்கா கேட்டேன்."

பாவாயியின் பார்வை அடுப்புப் பக்கம் கிடந்த கத்தியின் மேல் போயிற்று.

"அரைக்கறவன்னு சொன்னீங்க."

அவ்வளவுதான் அந்தப் பெண் சொன்னது. புருஷனைக் கைத்தாங்கலாக எழுப்பி, மாத்திரை அட்டை ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடத்திக்கொண்டு போனாள். உதவிக்குப் போன பாவாயியின் கையை அவள் தொடவிடவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் பாவாயிக்கு யாரைப் பார்த்தும் இளக்காரமாக நினைக்க முடியவில்லை. நினைக்க ஆரம்பித்தாலே அந்த வரிசையில் முதல் ஆளாகத் தன் முகம் வந்து நின்றது. பிளெக்ஸைக் கிழித்து அடுப்பில் போட்டாள். பொடி இடிப்பதை நிறுத்தினாள். சூப் மட்டும் போட்டாள். செங்கோடனைப் பார்த்துத் தாங்களும் பொடி விற்ற பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து சண்டை பிடித்தார்கள். அவள் ஒருத்தியால் எல்லாக் கடையிலும் பொடி தேங்கிவிட்டதாம். "பொடி வேணும்னா நீங்க தின்னுங்க. திங்க மாட்டீங்கல்ல? அப்ப போங்க" என்றாள்.

வருகிறவர்கள் இப்போதும் கேட்பார்கள்: "இது எதுக்குங்க நல்லது?"

"சூடா இருக்கும். காரமா இருக்கும். படியேறி வந்த களைப்பு போகும்."

"ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்காமே?"

"கண்ணாடிக் கொழாய்ல இருக்குன்னு படிச்ச பொண்ணு ஒண்ணு சொல்லுச்சு. உங்க வயித்துல என்ன செய்யும்னு அதுக்கே தெரியாதாம். குடிக்கறீங்களா, வேண்டாமா?"

பாதிப் பேர் குடிக்காமல் போனார்கள். மாசியில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரன் ஒருத்தன் சூப் குடிக்க வந்தான். அவனிடம் விசாரித்ததில், சென்னியப்பன் ஊசிக்கு ஒப்புக்கொண்டதும், மிச்சமிருந்த கால் தப்பித்ததும், செயற்கைக் கால் வைத்து வாசல் வரை நடப்பதும் தெரிந்தது. "அந்தம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றாள் பாவாயி. இல்லை என்றான். அவள் அதை எதிர்பார்த்துத்தான் கேட்டாள்.

திருவிழாவுக்குப் பிறகு செங்கோடன் இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். வெட்கம் என்று ஊரார் நினைத்தார்கள். பாவாயிக்குத் தெரியும், அடுத்து என்ன என்று யோசிக்கிறான். தாடியை எடுத்தான். சீக்குப்பாறையில், சனங்கள் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிற இடத்தில், கருங்காலி மாலைக் கடை போட்டான். கழுத்தில் ஏழெட்டு மாலை. கருங்காலி மின்னலை இழுத்துக்கொள்ளும், கண்திருஷ்டியை உறிஞ்சும், பிள்ளைகளுக்குப் பரீட்சையில் மார்க் வரும். புட்டிக்குப் பதில் இப்போது கையில் காந்தம். அருவிப்படியில் அவனைப் பார்த்துச் சிரித்த அதே மாதிரி சனங்கள் சீக்குப்பாறையில் வரிசையில் நின்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவாயி மதியத்தோடு கடையைச் சாத்திவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து அங்கே போனாள். செங்கோடன் ஒரு இளவட்டத்தின் கழுத்தில் மாலையைப் போட்டு, "தம்பி, இப்ப நெஞ்சுக்குள்ள ஒரு குளிர்ச்சி தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பாவாயி வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

அவன் அவளைப் பார்த்துவிட்டான். குளிர்ச்சி பாதியில் நின்றது. "அதாவது தம்பி... இந்த மரம் வந்து..." என்றான். காந்தத்தைக் கை மாற்றிப் பிடித்தான். மறுபடி "மரம்" என்றான். இளவட்டம் மாலையைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டுப் போனான். பின்னால் நின்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கலைந்தார்கள்.

"எதுக்குடி வந்தே?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சும்மா. நின்னு பாக்கலாம்னு."

"ஏதாச்சும் சொல்லிக்கில்லித் தொலைச்சுராதே."

"சொல்லலியே. நீ பேசு."

அவனால் பேச முடியவில்லை. சாயங்காலம் வரை ஒரு மாலை போகவில்லை. அன்றிலிருந்து சீக்குப்பாறையில் சனம் அதிகம் சேர்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பாவாயி அங்கே போகிறாள். கையைக் கட்டிக்கொண்டு அவன் பலகைக்கு எதிரே நிற்கிறாள்.